அடம்புக்குப்பத்துக்கு விழிப்புணர்வு வந்த கதை

தங்கம்மாள் யாரையும் லேசில் நம்புகிறவள் இல்லை. இருபது வருஷமாகக் கடலூரிலும் சிதம்பரத்திலும் கூடை வைத்து மீன் விற்கிறவளுக்கு அந்தக் குணம் இல்லாவிட்டால் பிழைப்பு நடக்காது. கரையில் ஏலம் விடுகிறவன் தலையில் அடித்துச் சத்தியம் செய்தாலும், செவுளைத் தூக்கிப் பார்த்து உள்ளே சிவப்பு இருந்தால்தான் மீன் கூறில் கை வைப்பாள். கல்யாணப் பத்திரிகை கொடுத்தால்கூட ஒரு தடவை திருப்பிப் பின்பக்கம் பார்ப்பாள். அப்படிப்பட்டவளை ஒரு குழுமம் சில வாரத்திலேயே நம்ப வைத்துவிட்டது என்றால், அந்தக் குழுமத்தை நாம் சாதாரணமாக நினைத்துவிடக் கூடாது.

விஷயம் தண்ணீர்தான். அடம்புக்குப்பத்தில் அறுபத்திரண்டு தலைக்கட்டு, அதாவது அறுபத்திரண்டு குடும்பம். எல்லாருக்கும் சேர்த்து ஒரே ஒரு அடிபம்பு. போன மழைக்குப் பிறகு அதில் தண்ணீர் மஞ்சளாக வர ஆரம்பித்தது. துருப்பிடித்த ஆணியை ஊறப் போட்ட வாசனை. குளித்தவர்களுக்கு அரிப்பு, குடித்தவர்களுக்கு வயிற்றுப்போக்கு. காரணம் கேட்டால் சிலர் கடல் உள்ளே வந்துவிட்டது என்றார்கள். சிலர் கம்பெனிகள் இருக்கும் பக்கமாகக் கையைக் காட்டினார்கள், காட்டிய கையை உடனே மடக்கியும் கொண்டார்கள். எப்படியோ மனுமேல் மனு கொடுத்து, ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் லாரி வரும்படி ஆகியிருந்தது.

தங்கம்மாளின் மகள் ஸ்ரீமதி தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். ஏழு மாதம். வீடு வீடாக வருகிற நர்ஸம்மா அவள் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "பம்புத் தண்ணிய இவ வாயிலயே வெக்கக் கூடாது, வயித்துல இருக்கறதுக்கு ஆவாது" என்று தங்கம்மாளிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனாள். அன்றிலிருந்து லாரியில் பிடிக்கிற முதல் குடம் ஸ்ரீமதிக்கு. அதில் வேறு யாரும் கை வைத்தால் தங்கம்மாள் வாயில் விழ வேண்டும்.

இந்த நிலையில் லாரி டிரைவர் ஒருநாள் வந்து குண்டைப் போட்டான்.

"அக்கா, இன்னும் ஒண்ணரை மாசந்தான். அப்பறம் பர்மிஷன் கெடையாது. நீட்டிக்கணும்னா ஆபீசுல போய்ப் பாருங்க."

திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளுக்கு தங்கம்மாள் கடலூர் போனாள். மனுவை வாங்கிப் பார்த்த குமாஸ்தா, "தண்ணி இப்ப எங்ககிட்ட இல்லம்மா. நிலைத்த வாழ்வு மற்றும் சுற்றுச்சூழல் நலக் குழுமத்துக்கு மாத்தியாச்சு" என்றார். குழுமத்தின் அலுவலகத்துக்குப் போனால், அங்கே மனு வாங்குகிற வழக்கமே இல்லை. அவர்கள் நிகழ்ச்சி மட்டும்தான் நடத்துகிறார்களாம். நிகழ்ச்சியின் கடைசியில் ஐந்து நிமிஷம் மனு வாங்குவார்களாம். வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டவர்களிடம் மட்டும்.

இதில் ஏதோ இருக்கிறது என்று தங்கம்மாளுக்கு அப்போதே தோன்றியது. ஆனாலும் வயிற்றுப் பிள்ளைக்காரியை வீட்டில் வைத்துக்கொண்டு சந்தேகத்தையா குடிக்க முடியும்?

முதல் நிகழ்ச்சி கடலூரில், குளிரூட்டிய மண்டபத்தில். வாசலில் இருபதடி நீளத்துக்கு ஒரு ஃப்ளெக்ஸ் பேனர். அதில், 'ஃப்ளெக்ஸ் பேனர்களைத் தவிர்ப்போம்' என்று எழுதி, அதற்குக் கீழே பதினேழு பேர் கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். தங்கம்மாள் சாட்சிக்கு ஒரு பாட்டிலில் பம்புத் தண்ணீர் கொண்டுவந்திருந்தாள். பச்சைத் தொப்பி போட்ட ஒரு பெண் அதைப் பிடுங்கிக்கொண்டாள்.

"பிளாஸ்டிக்குக்கு அனுமதி இல்லைங்க."

"உள்ள இருக்கறது தண்ணிம்மா. அதக் காட்டத்தான் வந்துகிறேன்."

"தண்ணிக்கு அனுமதி உண்டு. பாட்டிலுக்குத்தான் இல்ல. கையில ஏந்திக்கினு வேணா போங்க."

சொல்லிவிட்டு, ஒரு துளியும் வீணாகக் கூடாது என்ற நல்லெண்ணத்தில், சிறப்பு விருந்தினர் நடுவதற்காக வைத்திருந்த வேப்பங்கன்றுக்கு அதை ஊற்றினாள். விருந்தினர் ஒன்றரை மணி நேரம் தாமதம். அவர் வருவதற்குள் கன்றின் இலைகள் சுருண்டுவிட்டன. யாரும் பதறவில்லை. பக்கத்தில் மாற்றுக் கன்று தயாராக இருந்தது. எல்லா நிகழ்ச்சிக்கும் இரண்டு கன்று வாங்குவது வழக்கமாம்.

ஒருங்கிணைப்பாளர் அறிவழகன் பேச எழுந்தார். கதர்ச் சட்டை, கழுத்தில் பனையோலை அட்டை, குரலில் ஒரு தழுதழுப்பு.

"பெரியோர்களே, சென்ற மாதம் நமது குழுமம் முப்பத்து நான்கு நிகழ்ச்சிகளை நடத்தியது. மாதத்தில் முப்பது நாள்தானே என்று சிலர் கேட்கிறார்கள். அர்ப்பணிப்பு இருந்தால் நாள்காட்டி ஒரு தடையே அல்ல. தண்ணீருக்காக மட்டும் பதினொரு நிகழ்ச்சி. ஒன்றில்கூட நாங்கள் தண்ணீரைத் தொடவில்லை. அவ்வளவு சிக்கனம். பிரச்சினைகள் தீர்ந்துவிட்டால் அடுத்த தலைமுறை எதைப் பற்றிக் கூட்டம் நடத்தும்? அவர்களுக்கும் கொஞ்சம் விட்டுவைப்பதுதான் நிலைத்த வாழ்வு."

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. தங்கம்மாள் மட்டும் தட்டவில்லை. இவர் செவுளைத் தூக்கிப் பார்த்தால் என்ன நிறத்தில் இருக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தாள். மனு வாங்குகிற ஐந்து நிமிஷத்தை நன்றியுரை சாப்பிட்டுவிட்டது. சாப்பாட்டுக்குத் தினைப் பொங்கல். அதையும் மோந்து பார்த்துவிட்டுத்தான் தின்றாள்.

இரண்டாவது நிகழ்ச்சி சிதம்பரத்தில். புகை இல்லாப் பயணத்தை வலியுறுத்தி நான்கு தேர் வீதிகளையும் சுற்றி சைக்கிள் பேரணி. சைக்கிள்கள் கடலூரிலிருந்து இரண்டு லாரியில் வந்து இறங்கின. அதிகாரிகள் கீழவீதி முனையிலிருந்து கொஞ்ச தூரம் மிதித்து, படம் எடுத்தானதும், பின்னால் எஞ்சினை அணைக்காமல் வந்துகொண்டிருந்த காரில் ஏறிக்கொண்டார்கள். மீதி வீதிகளை சைக்கிள்கள் லாரியிலேயே சுற்றின. அந்த வீதிகளில் தலைச்சுமையாக நடந்தே மீன் விற்ற தங்கம்மாளுக்கு, இத்தனை காலம் தான் செய்ததற்கு ஒரு பேனர்கூட வைக்கத் தெரியவில்லையே என்று இருந்தது.

இந்தத் தடவை பாட்டில் இல்லை. எவர்சில்வர் சொம்பில் தண்ணீர் பிடித்து, துணியால் வாயைக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். பேரணி முடிந்த பள்ளி மைதானத்தில் ஆளாளுக்கு ஒரு மேஜைமேல் ஏதேதோ வைத்துக்கொண்டிருந்தார்கள். கை வலித்ததால் அவளும் சொம்பை வைத்தாள். அது பாரம்பரிய பானப் போட்டி மேஜை. பச்சைத் தொப்பிப் பெண் துணியை அவிழ்த்து, கண்ணாடி டம்ளரில் ஊற்றி, மஞ்சள் நிறத்தைப் பார்த்து, 'ஆவாரம்பூக் குடிநீர்' என்று சீட்டு எழுதி ஒட்டிவிட்டாள்.

நடுவர்கள் மூன்று பேர். சுகாதாரம் கருதி அவர்கள் எதையும் குடிப்பதில்லை, பார்த்தே மதிப்பெண் போடுவார்கள். சற்று நேரத்தில் ஒலிபெருக்கியில் மூன்றாம் பரிசு என்று தங்கம்மாளின் பெயர் கேட்டது. நடுவர் ஒருவர், "இந்த நிறத்தைப் பாருங்கள். நம் முன்னோர்களின் ஞானம் அப்படியே தேங்கி நிற்கிறது" என்றார். தங்கம்மாள் மேடை ஏறி மைக்கைப் பிடித்துக்கொண்டாள்.

"இது ஆவாரம்பூ இல்லீங்க. எங்க ஊரு பம்புத் தண்ணி. இதக் குடிச்சிட்டுத்தான் புள்ளைங்களுக்கு வயித்தால போவுது. இன்னும் ஒரு மாசத்துல லாரிய நிறுத்தப் போறாங்களாம். எம்பொண்ணு மாசமா இருக்குது. லாரிய நிறுத்தாதீங்க."

நடுவர்கள் தங்களுக்குள் பேசிவிட்டு, அறிவித்த பரிசைத் திரும்பப் பெற விதிமுறையில் இடமில்லை என்று சொல்லி, ஒரு சான்றிதழும் சணல் பையும் கொடுத்து அவளை இறக்கிவிட்டார்கள். கீழே அறிவழகன் காத்திருந்தார். அவளைத் தனியாக ஒரு வேப்பமரத்தடிக்கு அழைத்துப் போய், உட்கார நாற்காலி போட்டு, மனுவைக் கையில் வாங்கி வரி விடாமல் படித்தார். ஓர் அதிகாரி தன் மனுவை முழுசாகப் படித்ததை தங்கம்மாள் அன்றுதான் பார்த்தாள். அங்கேதான் அவள் கொஞ்சம் அசந்துவிட்டாள்.

"தங்கம்மா, உங்க கஷ்டம் எனக்குப் புரியுது. ஆனா நீங்க ஒருத்தரா வந்து சொன்னா அது தனிநபர் கருத்து. ஊரே வந்து சொன்னா அது தரவு. தரவு இல்லாம என்னால ஒரு பேப்பரைக்கூட நகத்த முடியாது. அடுத்த நிகழ்ச்சிக்கு உங்க ஊரையே கூட்டிக்கிட்டு வாங்களேன்."

"எல்லாரும் வந்தா லாரி நிக்காதா சார்?"

"எல்லாரும் வந்தா, லாரி விஷயத்துல உடனே ஒரு முடிவு எடுக்கலாம்."

அவர் பொய் சொல்லவில்லை என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும்.

ஒரு ஊரையே கூட்டிவருவது மற்றவர்களுக்குத்தான் கஷ்டம். மீனவக் குப்பத்தில் ஊர்க்கூட்டம் என்று சொல்லி அனுப்பினால் தலைக்கட்டுக்கு ஓர் ஆள் வந்தே ஆக வேண்டும். வராத வீட்டை ஊரே நிற்க வைத்துக் கேட்கும். கூட்டத்தில் எவ்வளவு சண்டை போட்டாலும், முடிவு என்று ஒன்று எடுத்துவிட்டால் வெளியே போய் அறுபத்திரண்டும் ஒரே வார்த்தைதான் பேசும். தலைமுறை தலைமுறையாகக் கடலிலும் காவல்நிலையத்திலும் அவர்களைக் காப்பாற்றிவந்த ஒற்றுமை அது. தங்கம்மாள் கூட்டத்தில் எடுத்துச் சொன்னாள். அவள் தோழி செல்லாயி மட்டும், "படிச்சவன் நாற்காலி போட்டு உக்கார வெச்சான்னா எனக்கு பயமா கீது" என்றாள். எப்போதும் இப்படிப் பேசுகிறவள் தங்கம்மாள்தான். அன்று அவளே செல்லாயியை அடக்கினாள்.

மூன்றாவது நிகழ்ச்சி அன்று குப்பத்தில் ஒரு படகும் கடலுக்குப் போகவில்லை. இரண்டு டவுன் பஸ்ஸை நிறைத்துக்கொண்டு அறுபத்திரண்டு பேரும் கடலூர் மண்டபத்தில் போய் இறங்கினார்கள். வரிசையில் நின்று பதிவேட்டில் கையெழுத்துப் போட்டார்கள். தெரியாதவர்கள் கைநாட்டு வைத்தார்கள். குழுமத்தாருக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. அவர்கள் நிகழ்ச்சிக்கு இதுவரை சாப்பாடு போடுவதற்கு முன்னால் நாற்பது பேருக்கு மேல் வந்ததில்லை.

அறிவழகன் மேடையில் நின்று கேட்டார்.

"அடம்புக்குப்பம் மக்களே, உங்கள் ஊர்ப் பம்புத் தண்ணீர் எப்படிப்பட்டது?"

"கெட்ட தண்ணி!" என்று அறுபத்திரண்டு குரலும் ஒன்றாகச் சொல்லின.

"அதைக் குடிக்கலாமா?"

"கூடாது!"

"குடித்தால்?"

"நோவு வரும்!"

அறிவழகன் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒலிபெருக்கியில் எண்ணிக்கை அறிவிக்கப்பட்டது. அறுபத்திரண்டுக்கு அறுபத்திரண்டு. நூறு சதவீதம். அங்கேயே அடம்புக்குப்பத்துக்கு 'முழு விழிப்புணர்வு பெற்ற கிராமம்' என்று ஒரு கேடயம் வழங்கப்பட்டது. குப்பத்து ஜனம் அதைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு பஸ் ஏறியது.

மறுநாள் லாரி வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை. மூன்றாம் நாள் சிதம்பரம் போகிற வழியில் தங்கம்மாள் அந்த லாரியைப் பார்த்தாள். அது பக்கத்து ஊரான மேலக்குப்பத்தில் நின்று தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தது. மேலக்குப்பத்துக் கிணறு கல்கண்டாக இனிக்கும், ஆகவே ஜனங்கள் லாரித் தண்ணீரில் மாடு கழுவிக்கொண்டிருந்தார்கள். கூடையைச் செல்லாயியிடம் தள்ளிவிட்டு அடுத்த பஸ்ஸில் கடலூர் போனாள்.

அறிவழகன் அவளை எழுந்து நின்று வரவேற்றார்.

"வாங்க தங்கம்மா. உங்க ஊரு நம்ம மாவட்டத்துக்கே பெருமை தேடிக் குடுத்துடுச்சு."

"லாரி எங்க சார்?"

"நான் சொன்ன மாதிரி உடனே முடிவு எடுத்தாச்சு. கவனமாக் கேளுங்க. தண்ணி கெட்டுப்போனது பிரச்சினை இல்ல. கெட்டதுன்னு தெரியாம குடிக்கறதுதான் பிரச்சினை. உங்க ஊருல எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு. இனிமே யாரும் குடிக்க மாட்டீங்க. பிரச்சினை தீந்துபோச்சு. லாரி, விழிப்புணர்வு இல்லாத ஊருக்குத்தான் போகணும். மேலக்குப்பத்துலருந்து ஒரு நிகழ்ச்சிக்குக்கூட ஆள் வரல. சுத்தமா பூஜ்யம்."

"அவுங்க தண்ணி நல்லாத்தான சார் இருக்குது?"

"இருக்கலாம். ஆனா அது கெட்டுப்போனா அவங்களுக்குத் தெரியாதே."

"அப்ப நாங்க என்னாத்தக் குடிக்கறது?"

"நல்ல கேள்வி. அதுக்குன்னே பதினெட்டாம் தேதி ஒரு கருத்தரங்கம் வெச்சிருக்கோம்."

தங்கம்மாளுக்குக் கோபம் வந்தது. கோபம் இவர்மேல் பாதி, செவுளைப் பார்க்காமல் கூறில் கை வைத்த தன்மேல் பாதி. ஆனால் வீட்டில் ஸ்ரீமதிக்கு ஒரே ஒரு குடம்தான் மீதி இருந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"சார், எங்களுக்கு இந்த விழிப்புணர்வு வேணாம். எழுதிக் குடுத்துடறோம். திருப்பி எடுத்துக்கிங்க."

அவர் சிரிக்கவில்லை. மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு படிவத்தை எடுத்தார். குழுமத்தில் எதற்கும் ஒரு படிவம் இருந்தது.

"மறுமதிப்பீட்டுக்கு வழி இருக்கு. எங்க மதிப்பீட்டாளர் வந்து பாப்பார். பம்புத் தண்ணிய அவர் முன்னால சாதாரணமாக் குடிக்கணும். அப்பத்தான் உங்களுக்கு இன்னும் விழிப்புணர்வு வரலைன்னு நிரூபணம் ஆவும். லாரிக்கு அன்னைக்கே உத்தரவு."

குப்பத்தில் மறுபடி ஊர்க்கூட்டம் கூடியது. கேடயத்தை ஒரு வலைக்கு அடியில் ஒளித்துவைத்தார்கள். எல்லாரும் ஒன்றும் தெரியாதவர்களாக இருக்கப் பயிற்சி எடுத்தார்கள். "தண்ணி எப்பிடி?" என்று செல்லாயி கேட்க, "எங்களுக்கு என்னாங்க தெரியும், நல்லாத்தான் கீது" என்று அறுபத்திரண்டு பேரும் ஒரே குரலில் சொல்லிப் பழகினார்கள். ஊரே காசு போட்டு டவுனில் வாங்கிய ஒரே ஒரு கேன் தண்ணீரில் மஞ்சள் தூளைக் கலந்து, பம்புக்குப் பக்கத்தில் ஒரு குடத்தில் வைத்துவிட வேண்டும், கேட்டால் அதிலிருந்து மொண்டு குடித்துவிட வேண்டும் என்பது ஏற்பாடு.

மதிப்பீட்டாளர் ஹரிஷ் நல்ல வெயிலில் வந்து இறங்கினான். இருபத்தைந்து வயசுப் பையன், கையில் டேப்லெட். குடத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இது வேணாம்" என்று சொல்லி, தானே பம்பை அடித்து டம்ளரில் புதுத் தண்ணீர் பிடித்தான். குப்பத்தின் முகம் விழுந்தது.

"எல்லாரும் குடிக்கத் தேவை இல்ல. ஒரு ஆள் போதும். சிஸ்டமே ஒரு பேரை எடுக்கும்" என்று சொல்லித் திரையைத் தட்டினான். நர்ஸம்மா எழுதிவைத்த குடும்பப் பதிவேட்டிலிருந்து ஒரு பெயர் வந்தது. "ஸ்ரீமதி. யாருங்க அது?"

ஸ்ரீமதி இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தாள். "அது மாசமா கீது சார், நான் குடிக்கறேன்" என்றாள் தங்கம்மாள். சிஸ்டத்தில் பெயர் மாற்ற முடியாது என்றான் ஹரிஷ். "நானு நானு" என்று பத்துப் பேர் முன்னால் வந்தார்கள். அவன் தலையை ஆட்டினான். ஸ்ரீமதி டம்ளரை வாங்கிக்கொண்டாள். அறுபத்திரண்டு வீடும் தன்னையே பார்ப்பது அவளுக்குத் தெரிந்தது.

"ஒரு வாய்தானம்மா" என்று முணுமுணுத்துவிட்டு டம்ளரைத் தூக்கினாள்.

உதட்டுக்குக் கிட்டே போகிற நேரத்தில் தங்கம்மாளின் கை பாய்ந்தது. டம்ளர் பறந்து போய் மணலில் விழுந்தது. தண்ணீர் மணலில் மஞ்சளாகப் பரவியது. தங்கம்மாள் மகளின் வாயைத் தன் முந்தானையால் அழுத்தி அழுத்தித் துடைத்தாள். ஒரு சொட்டுகூடப் பட்டிருக்கவில்லை, ஆனாலும் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

ஹரிஷ் திரையைத் தட்டிக்கொண்டே, "விழிப்புணர்வு உறுதி செய்யப்பட்டது" என்றான். "ரொம்ப ஸ்ட்ராங்கா இருக்கு மேடம். இவ்ளோ வேகமான ரியாக்ஷன் நான் வேற எந்த ஊர்லயும் பாத்ததில்ல. கங்கிராஜுலேஷன்ஸ்."

செல்லாயி மணலில் உட்கார்ந்துவிட்டாள். ஹரிஷ் டேப்லெட்டைப் பைக்குள் வைத்தான். வெயிலில் நின்று அவன் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. நாக்கால் உதட்டைத் தடவிக்கொண்டு கேட்டான்.

"மேடம், குடிக்கக் கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?"

வந்தவருக்குத் தண்ணீர் இல்லை என்று சொல்கிற வழக்கம் குப்பத்தில் கிடையாது. தங்கம்மாள் வீட்டுக்குள் போனாள். ஸ்ரீமதியின் குடத்தைச் சாய்த்து, அடியில் கிடந்ததைச் சொம்பில் வழித்துக்கொண்டு வந்தாள். லாரித் தண்ணீரில் மிச்சம் அவ்வளவுதான். சொம்பை நீட்டினாள்.

ஹரிஷ் வாங்கி, வாய்க்குக் கொண்டுபோய், சட்டென்று நிறுத்தினான். சொம்புக்குள் எட்டிப் பார்த்தான். மோந்து பார்த்தான்.

"இது பம்புத் தண்ணி இல்லதானே, மேடம்?"

தங்கம்மாள் அவன் கையிலிருந்து சொம்பை மெதுவாக வாங்கிக்கொண்டாள்.

"உங்களுக்கும் தெரிஞ்சுபோச்சா தம்பி?" என்றாள். "அப்ப உங்களுக்கும் தண்ணி கெடையாது."

சொம்பை ஸ்ரீமதியிடம் கொடுத்தாள். அவள் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள்.